மானாவாரிக் காட்டில் சூரிய விளக்குப்பொறி

பெரம்பலூர் மாவட்டத்தின் வேப்பந்தட்டை வட்டாரத்தில் பருத்தியும் மக்காச்சோளமும் பெரும்பாலும் மழையை நம்பியே விளைகின்றன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையமும் இங்கே இருப்பதால், புழுவோடு உழவர் நடத்தும் போராட்டம் இவ்வூரின் வரலாற்றில் சிறிய செய்தியன்று. அப்போராட்டத்தின் பழைய கருவிகளுள் ஒன்று விளக்குப்பொறி, அதாவது இரவில் பறந்துவரும் தாய் அந்துப்பூச்சிகளை ஒளியால் ஈர்த்து, மண்ணெண்ணெய் கலந்த தண்ணீர்த் தட்டில் விழச்செய்யும் அமைப்பு. அரிக்கேன் விளக்கும் பெட்ரோமாக்ஸும் இதற்குப் பயன்பட்டன. பின்னர் மின்பல்பு வந்தது. ஆனால் மின்கம்பி வயலுக்குள் பம்புசெட்டைத் தேடித்தான் வந்தது என்பதால், கிணறில்லாத மானாவாரிக் காடுகளுக்கு அந்த வசதி எட்டவில்லை. சிறிய சூரியத் தகட்டின் அருமை இந்த இடத்தில்தான் விளங்கும்.

கம்பி எட்டாத இடத்தில் பேட்டரியை நிரப்புவது அத்தகட்டுக்குத் தொடக்கத்திலேயே வாய்த்த பணியாகும். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் சாப்பின், ஃபுல்லர், பியர்சன் ஆகிய மூவர் உருவாக்கிய சிலிக்கான் சூரியச் செல், ஒளியில் ஏறத்தாழ 6 சதவீதத்தை மின்சாரமாக்கும் திறனோடு 1954 ஏப்ரல் 25 அன்று காட்டப்பட்டது. மறு ஆண்டே ஜார்ஜியா மாநிலத்தின் நாட்டுப்புறத் தொலைபேசி இணைப்பொன்றில், பகலில் சேர்த்த மின்சாரம் இரவுக்கும் உதவுமாறு சோதிக்கப்பட்டது. இந்தியாவில் சாகிபாபாத்தின் சென்ட்ரல் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1977-இல் செல்லையும் 1978-இல் தகட்டையும் உருவாக்கியது.

ஒரு சிலிக்கான் செல் தருவது அரை வோல்ட் அளவே. ஆகவே 12 வோல்ட் பேட்டரிக்கு 36 செல்களைத் தொடராக இணைப்பது வழக்கம். இது மிகையாகத் தோன்றினாலும், வெயிலில் தகடு சூடேறும்போது மின்னழுத்தம் குறைவதால், பெரம்பலூரின் கோடைக்கு அந்த மிகை தேவைப்படுகிறது. இரவில் பேட்டரியின் மின்சாரம் தகட்டுக்குத் திரும்பி வீணாகாதபடி, ஒரு திசையில் மட்டும் மின்னோட்டத்தை விடும் டையோடு தடுக்கிறது. அந்தியில் தானே எரிந்து, முன்னிரவில் சில மணி நேரத்தில் அணையுமாறு அமைக்கப்பட்ட பொறி சிறப்பானது. ஏனெனில் விடியும்வரை எரியும் விளக்கு நன்மைசெய்யும் பூச்சிகளையும் சேர்த்தே கொல்லும்.

2018-இல் கர்நாடகத்தில் முதலில் கண்டறியப்பட்ட படைப்புழு, அதே ஆண்டில் தமிழகத்துக்கும் பரவிப் பெரம்பலூரின் மக்காச்சோளத்தைக் கடுமையாகத் தாக்கியபோது, பூச்சியைத் தொடக்கத்திலேயே அறிவதன் தேவை கூர்மையாக உணரப்பட்டது. விளக்குப்பொறியால் மட்டும் பயிரைக் காத்துவிட முடியாது. ஆயினும் நாள்தோறும் காலையில் தட்டில் விழுந்த அந்துப்பூச்சிகளை எண்ணிவரும் உழவரால், எண்ணிக்கை ஏறுவதைக் கண்டு செடிகளில் முட்டைக் குவியல்களைத் தேடவும், மருந்து தெளிக்கும் நாளை முடிவு செய்யவும் முடிகிறது.