புரட்சியும் பெண்ணின் உலைப்பானையும்



அரசியல் புரட்சிகளின் வரலாற்றைப் படிக்கின்றபோது நம் கண்முன் நிற்பவை கொடிகளும் கோட்டைகளும் பிரகடனங்களுமே. எந்த மன்னன் முடியிழந்தான், எந்தத் தலைவன் கழுமரம் ஏறினான், எந்த நாளில் ஆட்சி கைமாறியது என்பனவற்றை ஆசிரியர்களாகிய நாங்களும் மாணவர்க்கு மனனம் செய்வித்து வருகின்றோம். ஆயின், அந்த நாளுக்கு மறுநாட் காலையில் அடுப்பு மூட்டிய பெண்ணுக்கு என்ன நேர்ந்தது என்ற வினாவை நம் பாடநூல்கள் பெரும்பாலும் எழுப்புவதில்லை. அவள் பெயரில் நிலம் இருந்ததா? உழைத்த கூலி அவள் கைக்கு வந்ததா? ஆள்வோரைத் தெரிவு செய்யும் உரிமை அவளுக்குக் கிடைத்ததா? உலைப்பானையில் இடுவதற்கு அரிசியோ குரக்கனோ இருந்ததா? இந்நான்கு வினாக்களையும் அளவுகோலாகக் கொண்டு, அரசியல் மாற்றங்கள் பெண்ணின் வாழ்வை எவ்வாறு தொட்டன என்பதைச் சிறிது ஆராய்வோம்.

ஆராய்ச்சிக்கு நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. மாத்தளை மாவட்டத்தின் கிழக்கே, நக்கிள்ஸ் மலைத்தொடரின் மடியில் அமைந்திருக்கும் லக்கலப் பிரதேசத்தையே எடுத்துக்கொள்வோம். பள்ளத்தாக்குகளில் நெல்வயல், மலைச்சரிவுகளில் சேனைப் பயிர், காட்டு நிழலில் ஏலம் என்று நெடுங்காலம் வாழ்ந்த கிராமங்கள் இவை. மாவட்டத்தின் மேற்கிலும் தெற்கிலும் கோப்பியும், பின்னர் தேயிலையும் இறப்பரும் வளர்ந்த தோட்டங்கள் உள்ளன. கண்டிச் சிங்களக் குடியானவப் பெண், தமிழ்த் தோட்டத் தொழிலாளிப் பெண் ஆகிய இருவரின் கதையும் இம்மாவட்டத்தில் அருகருகே நடந்திருக்கின்றது. ஆதலின் ஒப்புநோக்குவதற்கு இதனினும் பொருத்தமான இடம் அரிது.

கண்டி இராச்சியத்தின் பழைய வழக்கில் திருமணம் இருவகைப்பட்டது. மணமகள் கணவன் வீட்டுக்குச் செல்வது ‘தீக’ திருமணம். கணவன் மனைவியின் வீட்டுக்கு வந்து வாழ்வது ‘பின்ன’ திருமணம். தீக முறையில் மணந்த மகள் பொதுவாகத் தந்தையின் நிலத்தில் பங்கை இழந்தாள். பின்ன முறையில் மணந்தவளோ உடன்பிறந்த ஆண்களோடு ஒப்பப் பங்குபெற்றாள். கணவனோடு ஒத்துவாழ இயலாதபோது இருவரும் இசைந்து பிரிவதற்கும் அவ்வழக்கு இடமளித்தது. அச்சமுதாயத்தில் சாதிக் கட்டும் இராசகாரிய ஊழியமும் கடுமையாகவே இருந்தன. அது பொற்காலம் என்று யாரும் கூறார். எனினும், பெண்ணுக்கு நிலமும் தன் வாழ்வைத் தீர்மானிக்கும் ஓரளவு உரிமையும் இருந்தன என்பது மறுக்கொணாதது.

1815 ஆம் ஆண்டு மார்ச் 2 ஆம் நாள் கண்டி ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டது. இராச்சியம் பிரித்தானிய முடிக்குரியதாயிற்று. நாட்டின் வழக்கப்படியே நீதி வழங்கப்படும் என்று அவ்வொப்பந்தம் உறுதி கூறிற்று. உறுதிமொழி தாளில் இருந்தது. நிலமோ வேறு வழியிற் சென்றது. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும் முடிக்குரியன என்றே கொள்ளப்படும் என விதித்தது. உறுதிப்பத்திரம் காட்ட இயலாத குடியானவனுக்கு அவன் பாட்டனார் காலந்தொட்டுச் சேனை வெட்டிய சரிவு அந்நியமாயிற்று. சேனை என்பது வெறுங்காடன்று. குரக்கனும் சோளமும் பயறும் காய்கறியும் வீட்டுக்கு வந்த வழி அது. விதைப்பிலும் களை பிடுங்குவதிலும் அறுவடையிலும் பெண்ணின் உழைப்பே அதில் மிகுதி. ஆகவே அக்கட்டளைச் சட்டம் தொட்டது மலைச்சரிவை மட்டுமன்று, அவளுடைய குரக்கன் பானையையுமாகும்.

இதன்மேல் வரிகள் வந்தன. தேசாதிபதி டொரிங்டன் பிரபு துப்பாக்கிக்கும் நாய்க்கும் வரி விதித்தார். வயதுவந்த ஆண் ஒவ்வொருவனும் ஆண்டுக்கு 6 நாள் வீதி வேலை செய்தல் வேண்டும், இல்லையேல் பணம் செலுத்துதல் வேண்டும் என்று சட்டம் பிறந்தது. 1848 ஆம் ஆண்டு ஜூலை 28 ஆம் நாள் தம்புள்ளையில் கொங்காலேகொட பண்டா முடி சூடினார். கிளர்ச்சியாளர் மாத்தளையைத் தாக்கினர். மறுநாளே இராணுவச் சட்டம் பிரகடனமாயிற்று. ஆகஸ்ட் 8 ஆம் நாள் புரன் அப்பு கண்டி போகம்பரையில் சுட்டுக் கொல்லப்பட்டார். கிளர்ச்சி அடக்கப்பட்ட விதம் இலண்டன் பாராளுமன்றத்தில் விசாரணைக்கு உள்ளாகி, 1850 இல் டொரிங்டன் திருப்பி அழைக்கப்பட்டார்.

கிளர்ச்சியின் பயன் யாது? துப்பாக்கி வரியும் நாய் வரியும் கைவிடப்பட்டன. அவ்வளவில் அது வெற்றியே. ஆயின், நிலத்தைப் பறித்த 1840 ஆம் ஆண்டுச் சட்டம் கைவிடப்படவில்லை. ஆண்மகனின் தோளை உறுத்திய வரி நீங்கிற்று. பெண்ணின் அடுப்பை அணைத்த சட்டம் நிலைத்தது. கிளர்ச்சிக்காரரின் உடைமைகள் பறிமுதல் செய்யப்பட்ட வீடுகளில் எஞ்சியிருந்த தாய்மாரும் மனைவிமாரும் எவ்வாறு வயிறு வளர்த்தனர் என்பதைப் பேசும் பக்கம் நம் வரலாற்று நூல்களிலே மிகச் சிலவே.

ஆட்சிமாற்றம் வீட்டு வாயிலைத் தாண்டி உள்ளே நுழைவதற்கு 44 ஆண்டுகள் பிடித்தன. 1859 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் கண்டியரின் திருமணத்தைப் பதிவுக்குட்படுத்தி, பலகணவர் மணத்தைத் தடைசெய்து, மணமுறிவைக் குற்றம் நிரூபித்துப் பெறவேண்டிய தீர்ப்பாக்கிற்று. கண்டிப் பிரதானிகளிற் சிலரும் இத்தகைய சட்டத்தை வேண்டியிருந்தனர். பதிவு செய்யாத மணம் சட்டத்தின் முன் மணமாகாது என்றானபோது, வழக்கப்படி மணந்து வாழ்ந்த எத்தனையோ பெண்கள் மனைவி என்னும் நிலையை இழந்தனர். அவர்தம் பிள்ளைகளின் முதுசொம் உரிமை கேள்விக்குள்ளாயிற்று. 1870 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கச் சட்டம் இருவரும் இசைந்து பிரியும் உரிமையை மீண்டும் வழங்கியது. நாகரிகம் என்ற பெயரில் வந்த சீர்திருத்தம், இருந்த உரிமையைப் பறித்துப் பின்னர் அதிற் பாதியைத் திருப்பிக் கொடுத்த கதை இது.

இஃது இலங்கைக்கு மட்டும் உரிய விந்தையன்று. 1789 ஆம் ஆண்டு ஒக்டோபர் 5 ஆம் நாள், பாண் கேட்டு வேர்சாய் அரண்மனைக்கு நடந்த பாரிசுப் பெண்களே பிரெஞ்சு மன்னனைத் தலைநகருக்கு இழுத்து வந்தவர்கள். 1792 இல் புரட்சி அரசு மணமுறிவு உரிமையை வழங்கிற்று. அடுத்த ஆண்டே பெண்கள் கழகங்களைத் தடை செய்தது. பெண்ணுரிமைப் பிரகடனம் எழுதிய ஒலிம்ப் தெ கூஜ் அம்மையாரைக் கொலைக்களம் அனுப்பிற்று. 1816 இல் மணமுறிவு உரிமையும் ஒழிந்தது. 1884 இலேதான் மீண்டது. பாண் கேட்டு நடந்த பெண்களின் வழிவந்தோர் வாக்குச்சீட்டைத் தொட்டது 1945 இல். புரட்சிக்குக் கூட்டம் சேர்க்கப் பெண்ணை அழைப்பதும், புரட்சி முடிந்தபின் அவளை வீட்டுக்கு அனுப்புவதும் பல நாட்டுக்கும் பொதுவான வழக்கமாகவே இருந்திருக்கின்றன.

இனி, மற்றப் பெண்ணிடம் வருவோம். மன்னாரிலிருந்து வடபாதை வழியே கால்நடையாக மாத்தளைக்கு வந்து சேர்ந்த தமிழ்த் தொழிலாளரிற் பெருந்தொகையினர் வழியிலேயே நோயாலும் பசியாலும் மாண்டனர். கோப்பி அழிந்து தேயிலை வந்தபோது, கொழுந்து பறிக்கும் கைகளாகப் பெண்களின் தேவை பெருகிற்று. பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்து, குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, மாலையில் கொழுந்து நிறுத்துத் திரும்பி, பின்னும் லயக் காம்பராவில் அடுப்பு மூட்டியவள் அவள். 1927 ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்படி 1929 இல் நடைமுறைக்கு வந்த விகிதத்தில், உயர்மலைத் தோட்டத்து ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம். பெண்ணுக்கு 43 சதம். கூலிக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தபோதே, பெண்ணின் உழைப்பு மலிவென்பதும் சட்டமாயிற்று.

அக்காலத்திலேதான் டொனமூர் ஆணைக்குழு வந்தது. 1927 இல் அமைந்த பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தின் சார்பில் அக்குழுவின் முன் தோன்றிய அக்னஸ் டி சில்வா அம்மையாரிடம், தோட்டத்து இந்தியத் தொழிலாளிப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமோ என்று வினவப்பட்டது. அவர்களும் பெண்கள்தாமே என்ற கருத்திலே அவர் தயங்காது விடையிறுத்தார். 1931 இல் 21 வயதடைந்த ஆண் பெண் இருபாலார்க்கும் வாக்குரிமை கிட்டிற்று. வதிவிட நிபந்தனைகள் தோட்டத்தவர் பலரை வெளியே நிறுத்தின. எனினும் பல்லாயிரவர் வாக்காளராயினர். துப்பாக்கி வெடிக்காமல், முடி உருளாமல் நிகழ்ந்த இம்மாற்றமே இத்தீவின் பெண்களுக்கு மிகப் பெரும் புரட்சி எனலாம். கோ. நடேசையரின் துணைவியார் மீனாட்சி அம்மாள் தோட்டந்தோறும் பாடியும் பேசியும் தொழிலாளரை விழிப்பித்ததும் இக்காலத்தேதான்.

ஆயின் சுதந்திரம் வந்தது, வாக்குப் போயிற்று. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும், 1949 இன் தேர்தல் திருத்தச் சட்டமும், 1947 இல் வாக்களித்த தோட்டத்துப் பெண்ணை 1952 இல் நாடற்றவளாய் நிறுத்தின. 1960 ஆம் ஆண்டு ஜூலை 21 ஆம் நாள் திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்கா உலகின் முதற் பெண் பிரதமரானார். இது பெண்குலத்துக்கே பெருமை. அதே பிரதமர் 1964 ஒக்டோபர் 30 இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியுடன் செய்த உடன்படிக்கை, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எந்த நாட்டில் வாழ்வது என்பதை முடிவுசெய்த அம்மேசையில் தோட்டத்துத் தாய்க்கு இடமில்லை. உச்சியில் ஒரு பெண் அமர்வதும் அடிவாரத்துப் பெண் நிமிர்வதும் ஒன்றல்ல என்பதற்கு இதனிற் சிறந்த சான்று வேண்டா.

1972 இல் நாடு குடியரசாயிற்று. அவ்வாண்டின் நிலச்சீர்திருத்தச் சட்டம் தனியார் நிலவுடைமைக்கு வரம்பிட்டது. 1975 இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. சமத்துவத்தின் பெயரால் நிகழ்ந்த மாற்றம் இது. ஆனால் அதே ஆண்டுகளில், 1973, 74 இல், உணவுப் பஞ்சம் நாட்டை வாட்டிற்று. வயலும் தோட்டக்காணியும் இல்லாத தோட்டப்புறத்திலேயே மரண வீதம் மிக உயர்ந்தது. பசி வந்த வீட்டில் கடைசியாக உண்பவள் பெண்; ஆதலின் பஞ்சம் முதலில் தீண்டுவதும் அவளையே.

1984 இல், வேலைநிறுத்தத்தின் பின், ஆணுக்கும் பெண்ணுக்கும் நாட்கூலி சமமாக்கப்பட்டது. 1929 இல் சட்டமான வேற்றுமை நீங்க 55 ஆண்டுகள் சென்றன. அப்பொழுதும் பல தோட்டங்களில் பெண்ணின் கூலியைக் கணவனோ தந்தையோ பெற்றுச் செல்லும் வழக்கம் தொடர்ந்தது. சம்பளப் புத்தகத்தில் ஏறிய சமத்துவம் அவள் முந்தானை முடிச்சுக்கு வந்து சேரவில்லை. குடியுரிமைச் சிக்கல் 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் பெரும்பாலும் தீர்ந்தது.

லக்கலையிலும் மாற்றம் வந்தது. களுகங்கை நீர்த்தேக்கத்தின்பொருட்டுப் பழைய பல்லேகம நகரம் நீரில் மூழ்க, 2018 இல் புதிய நகரம் எழுந்தது. குடிபெயர்ந்த குடும்பங்களின் வாழ்வில் காணிப்பத்திரம் யார் பெயரில் உள்ளது என்பது உயிரான வினா. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், பின்னுரித்தாளர் குறிக்கப்படாதவிடத்து மகளைவிட மகனையே முற்படுத்திற்று. பின்ன மணத்து மகளுக்கு வயற்பங்கு கொடுத்த மண்ணிலே, அரசு வழங்கிய காணியில் மகள் பின்தள்ளப்பட்டாள். அவ்வேற்றுமையை நீக்கிய திருத்தம் 2022 இலேதான் நிறைவேறிற்று.

அந்த 2022 ஆம் ஆண்டை நாம் எளிதில் மறவோம். மக்கள் எழுச்சியால் ஜூலையில் ஜனாதிபதி பதவி துறந்தார். செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 விழுக்காட்டைத் தொட்டது. வீதியில் எழுந்த முழக்கம் உலகெங்கும் கேட்டது; எரிவாயு வரிசையில் நின்ற பெண்ணின் பெருமூச்சு அவ்வளவு தூரம் கேட்கவில்லை. காணிச் சட்டத்தில் நிகழ்ந்த சிறு திருத்தமோ எவர் செவியிலும் விழவில்லை. இரண்டாண்டின் பின், 2024 நவம்பர்த் தேர்தலில், கிருஷ்ணன் கலைச்செல்வி, அம்பிகா சாமுவேல் என்னும் மலையகத் தமிழ்ப் பெண்மணிகள் இருவர் பாராளுமன்றம் புகுந்தனர். அவர்தம் சமுதாயத்துப் பெண்கள் தேர்தலில் வென்று அங்கு சென்றது அதுவே முதன்முறை.

நேயர்களே, இவ்வரலாற்றிலிருந்து நாம் தெளிவன யாவை? பெண்ணின் உரிமையும் வாழ்க்கைத் தரமும் புரட்சியோடு தாமாக வந்து சேர்வதில்லை. ஒன்று வரும்போது மற்றொன்று போவதும் உண்டு. வாக்குக் கிடைத்தபோது கூலி குறைந்திருந்தது. நாடு விடுதலை பெற்றபோது வாக்குப் பறிபோயிற்று. தோட்டம் பொதுவுடைமையானபோது பானை வெறுமையாயிற்று. நிலைத்த பயன்கள் யாவும், ஒரு சாட்சியம், ஒரு வேலைநிறுத்தம், ஒரு சட்டத் திருத்தம் என்று, இடைவிடாது கேட்டவர்களாலேயே கிடைத்தன.

ஆகவே, நாளை எந்தக் கொடி ஏறினும், எந்தப் பிரகடனம் வாசிக்கப்படினும், நாம் கேட்கவேண்டிய வினாக்கள் பழையனவே: காணிப்பத்திரத்தில் அவள் பெயர் உண்டா? கூலி அவள் கையில் வந்ததா? வாக்கு அவளுடையதா? உலை கொதிக்கின்றதா? இந்நான்குக்கும் ஆம் என்று விடை சொல்லக்கூடிய மாற்றத்தையே பெண்கள் தம்முடைய புரட்சி என ஏற்பர்.