மருந்துக்கு முன் தண்ணீர்: ஜாம்கெட் கிராமங்களின் வரலாறு

மறைபணியாளர் சென்ற இடமெல்லாம் ஆலயத்தின் அருகே ஒரு மருந்தகமும் எழும்பியதை நாம் அறிவோம். நோயாளி வருவார், மருந்து பெறுவார், குணமாகி வீடு திரும்புவார். சில திங்களில் அதே நோயோடு மீண்டும் வந்து நிற்பார். இந்தச் சுழலைக் கண்டு மனம் நொந்த ஒரு மருத்துவத் தம்பதியரின் வரலாறு இது. அவர்கள் புராட்டஸ்டன்ட் சபையினர். ஆயினும் பங்கில் மருத்துவத் தொண்டு பற்றிப் பேசும் நாம் அவர்களை அறிந்திருத்தல் நன்று.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்ற ரஜனிகாந்த் ஆரோளேயும் மேபலும் 1960-இல் மணம் புரிந்தனர். மகாராஷ்டிரத்தில் வடாலா என்னும் சிற்றூரின் மிஷன் மருத்துவமனையில் சில ஆண்டுகள் உழைத்தனர். பின் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரம் கற்று, 1970-இல் அந்நாளைய அகமத்நகர் மாவட்டத்து ஜாம்கெட்டிற்கு வந்தனர். மழை பொய்க்கும் வறண்ட பூமி அது. ஊர்ப் பெரியவர்கள் அழைத்த பின்னரே அங்கு குடியேறினர்.

வந்த சில நாட்களில் கடும் பஞ்சம் பிடித்தது. "உங்களுக்கு முதலில் வேண்டுவது என்ன?" என்று மருத்துவர்கள் கேட்டார்கள். தடுப்பூசி என்றோ பிரசவ விடுதி என்றோ எவரும் கூறவில்லை. சோறும் தண்ணீரும் என்றார்கள். படித்தவர்க்கு இந்த இடத்தில்தான் சோதனை. "அது எங்கள் துறையன்று" என்று சொல்லிவிடுவது எளிது. ஆரோளே தம்பதியர் அப்படிச் சொல்லவில்லை. குழாய்க்கிணறு தோண்ட ஏற்பாடு செய்தனர். சிறு குழந்தைகளுக்கு ஊர்ப் பொது அடுப்பில் உணவு சமைக்க வைத்தனர். நல்ல தண்ணீரும் வயிறார உணவும் கிடைத்தபின் குழந்தைகளின் வயிற்றுப்போக்கு குறையுமன்றோ? மக்கள் கேட்டதே மருத்துவமும் ஆயிற்று.

ஆனால் 'மக்கள்' என்பவர் யார்? கூட்டத்தில் முதலில் பேசுபவர் நிலபுலமுள்ள மேல்சாதி ஆண்களே. அவர்கள் சொல்வதை மட்டும் ஊரின் குரலாகக் கொண்டால் ஏழையின் குடம் காலியாகவே இருக்கும். எனவே பல கிணறுகள் தாழ்த்தப்பட்டோர் குடியிருப்பிலேயே தோண்டப்பட்டன. தண்ணீர் வேண்டிய மற்றவரும் அங்கே வந்து வரிசையில் நிற்க நேர்ந்தது. கைப்பந்து ஆட்டம் என்று இளைஞரைச் சாதி பாராமல் திரட்டியதும் உண்டு. விவசாயிகள் சங்கங்கள் அவ்வாறு பிறந்தன. பிரசங்கத்தால் நடவாதது பந்தாட்டத்தால் நடந்தது!

தவறும் நேர்ந்தது. பயிற்சி பெற்ற செவிலியரைக் கிராமங்களில் தங்க வைத்துப் பார்த்தனர். வெளியூர்ப் பெண்களை ஊரார் ஏற்கவில்லை. அதன்பின் ஒவ்வோர் ஊரும் தன் பெண்களிலிருந்தே ஒருவரைத் தேர்ந்தெடுத்தது. பலர் எழுத்தறியாதவர், தாழ்த்தப்பட்டோரும் அவர்களில் இருந்தனர். வாரந்தோறும் ஜாம்கெட்டில் கூடி, சாதி வேற்றுமையின்றிச் சேர்ந்துண்டு உறங்கி, பிரசவம், குழந்தையின் எடை, தொழுநோயின் முதல் அடையாளம் ஆகியவற்றைக் கற்றனர். தங்கள் ஊருக்கு அடுத்து வேண்டுவது என்ன என்று சொல்லும் துணிவையும் அங்கேயே பெற்றனர். கணவர் முன் வாய் திறவாதிருந்த பெண்கள் அவர்கள் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

1971-இல் அப்பகுதியில் பிறந்த 1000 குழந்தைகளில் 176 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் இறந்தன. 1990-களில் அந்த எண்ணிக்கை 30-க்கும் கீழே இறங்கியது.

1978 செப்டம்பரில் அல்மா அட்டாவில் கூடிய உலக நாடுகள், தங்கள் உடல்நலப் பணியைத் திட்டமிடுவதில் பங்கேற்பது மக்களின் உரிமையும் கடமையுமாகும் என அறிவித்தன. அதற்கு முன்னரே, 1975-இல், உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட நூலொன்றில் ஜாம்கெட் இடம் பெற்றிருந்தது. 1979-இல் தம்பதியருக்கு மகசேசே விருது கிடைத்தது. மேபல் 1999-லும் ரஜனிகாந்த் 2011-லும் காலமாயினர். இதற்கிடையே 1990-களில் ஜாம்கெட்டில் ஒரு பயிற்சி நிலையமும் அமைந்தது. வெளிநாடுகளிலிருந்து வந்த மருத்துவர்கள் தரையில் அமர்ந்து கேட்க, அந்தக் கிராமத்துப் பெண்களே அவர்களுக்குப் பாடம் நடத்தினார்கள்.