துடைப்பம் பிடித்த கைகள்

கொரோனா சமயத்தில் எங்கள் கோயில் அன்னதானக் கூடத்தைப் பூட்டினார்கள். சில நாட்களில் அதே சமையல்காரர்கள் பொட்டலம் கட்டித் தெருத்தெருவாகக் கொடுக்க ஆரம்பித்தார்கள். அதைப் பார்த்தபோது எனக்குக் கல்கத்தா பிளேக் ஞாபகம் வந்தது, எப்போதோ படித்தது.

1898 மே மாதம். ராமகிருஷ்ணா மிஷன் தொடங்கி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. நோயைவிட, கட்டாயமாக ஊசி போட்டுவிடுவார்கள் என்ற பயத்தில்தான் ஜனங்கள் ஊரைக் காலி செய்தார்கள். டார்ஜிலிங்கில் இருந்த விவேகானந்தர் உடனே திரும்பினார். பயப்படாதீர்கள் என்று துண்டுப் பிரசுரம் போட்டார். பணத்துக்கு எங்கே போவது என்று சக துறவி கேட்டதற்கு, மடத்துக்காக அப்போதுதான் வாங்கியிருந்த நிலத்தை விற்றுவிடலாம் என்றாராம். நல்லவேளை, விற்க நேரவில்லை.

மறு வருஷம் மார்ச்சில் பிளேக் மறுபடி வந்தது. முன்பு பஞ்சத்தில் அரிசி கொடுத்த மிஷன், இப்போது குப்பை அள்ள இறங்கியது. நிவேதிதா செயலாளர்; சதானந்தர் மேற்பார்வை. துப்புரவுத் தொழிலாளிகளைக் கூட்டிக்கொண்டு பாக்பஜார் பக்கத்துச் சேரிகளைச் சுத்தம் செய்தார்கள். ஒருநாள் நிவேதிதாவே துடைப்பத்தை எடுத்துத் தெருவைப் பெருக்க, பார்த்துக்கொண்டிருந்த உள்ளூர்ப் பையன்கள் வெட்கப்பட்டுத் தாங்களே பெருக்க வந்தார்கள்.

நிலத்தை விற்கத் துணிந்ததைவிட இதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அந்தக் காலத்தில் படித்த வீட்டுப் பையன் நடுத்தெருவில் துடைப்பத்தைத் தொடுவதென்றால் லேசா?