கடற்போர்ப் பதக்கம்: எந்தச் சண்டைக்கு, யாருக்கு?

போர்ச் சேவைப் பதக்கம் தனியொருவரின் வீரத்துக்குத் தரப்படுவதில்லை. குறித்த போரில் பங்கெடுத்த அனைவருக்கும் உரியது அது. எந்தச் சண்டையைக் கணக்கில் சேர்ப்பது என்ற முடிவுதான் கடற்படைகளுக்கு எப்போதும் சிக்கலாக இருந்திருக்கிறது. அதற்குத் தமிழகக் கடலிலேயே இரண்டு சான்றுகள் உண்டு.

கல்பாக்கத்தை அடுத்து இருக்கிறது சதுரங்கப்பட்டினம். அதற்கு அப்பால் நடுக்கடலில் 1782 பிப்ரவரி 17 அன்று சுஃப்ரனின் பிரெஞ்சுக் கப்பல்களும் எட்வர்ட் ஹியூஸின் ஆங்கிலக் கப்பல்களும் மோதின. ஆங்கில வரிசையின் கடைசியில் நின்ற ‘எக்ஸிடர்’ பல கப்பல்களின் குண்டுகளை ஒருசேர வாங்கியது. அதன் கேப்டன் மேல்தளத்திலேயே மாண்டார். கப்பல் மட்டும் தப்பியது. இரண்டு ஆண்டுகளுக்குள் நாகப்பட்டினம், திருகோணமலை, கடலூர் உள்ளிட்ட இடங்களில் இதே இரு தளபதிகளும் மேலும் நான்கு முறை மோதினார்கள்.

மற்றொன்று குமரிமுனைக்கும் இலங்கைக்கும் இடைப்பட்ட கடலில், 1808 மார்ச்சில் நடந்தது. ‘சான் ஃபியோரென்ஸோ’ என்ற ஆங்கிலக் கப்பல் தன்னைவிட வலிய ‘பியெமாந்தேஸ்’ என்ற பிரெஞ்சுக் கப்பலை மூன்று நாள் விரட்டிப் பிடித்தது. கேப்டன் ஹார்டிஞ்ச் கடைசி நாள் சண்டையில் இறந்தார்.

பிரிட்டன் தன் கடற்படைப் பொதுச் சேவைப் பதக்கத்தை 1847-இல்தான் அறிவித்தது. முதலில் 1793 முதல் 1815 வரை என்றிருந்த வரம்பு பிறகு 1840 வரை நீண்டது. ஒவ்வொரு சண்டைக்கும் ரிப்பனில் கோக்கும் வெள்ளிப் பட்டை ஒன்று. இருநூறுக்கும் மேற்பட்ட பட்டைகள் ஒப்புதல் பெற்றன. டிரஃபால்கர் பெருஞ்சண்டைக்கும் பட்டை உண்டு, சிறு படகுகளில் போய் நடத்திய தாக்குதல்களுக்கும் உண்டு. அளவுகோல் என்ன? தளபதிகளுக்கும் கேப்டன்களுக்கும் முன்பே தங்கப் பதக்கம் கிடைத்த சண்டைகள் முதலில் தேறின. மற்றவற்றில், வெற்றிக்காகக் கப்பலின் அதிகாரிக்குப் பதவி உயர்வு கிடைத்ததா என்றுதான் பெரும்பாலும் பார்த்தார்கள். மாலுமிகள் பட்ட பாட்டை அளக்கும் வழி அதில் இல்லை.

இந்த விதிப்படி ‘சான் ஃபியோரென்ஸோ’ பட்டை பெற்றது. சதுரங்கப்பட்டினம் 1793-க்கு முந்தியது என்பதால் விடுபட்டது. தேறிய சண்டைகளிலும், உயிரோடிருந்து விண்ணப்பித்தவருக்கே பதக்கம். கேட்க ஆளின்றியே போன பட்டைகளும் உண்டு. களத்தில் இறந்தவரை முற்றாக ஒதுக்கிய அந்த விதி அநீதியானது.

சுதந்திர இந்தியா வேறு வழியில் போனது. 1971 போருக்குச் சண்டை சண்டையாகப் பட்டை தரவில்லை. கிழக்குப் பகுதியில் பணியாற்றியவர்களுக்குப் பூர்வி நட்சத்திரம், மேற்கில் பணியாற்றியவர்களுக்குப் பச்சிமி நட்சத்திரம் என்று முப்படைக்கும் பொதுவாக வகுத்தது. அந்தக் காலத்தில் சேவையில் இருந்தவர்களுக்கெனச் சங்கிராம் பதக்கமும் தனியே உண்டு.