இதை எழுதினது ஆர்?
'குட் ஒமென்ஸ்' நாவலை வாசித்த ஆக்கள் இரண்டு பேர் சந்தித்தால் கதை கடைசியில் ஒரே கேள்வியில்தான் வந்து நிற்கும்: எந்தப் பகுதி ஆருடையது? பகிடியெல்லாம் டெரி பிராட்செட், இருட்டெல்லாம் நீல் கெய்மன் என்று கனபேர் பங்கு பிரிப்பார்கள். எங்களுக்கு அந்தக் கணக்கு சரியாகப் படவில்லை.

நாவல் உருவான விதத்தைப் பாருங்கள். தொடக்கத்தை எழுதி வைத்திருந்தவர் கெய்மன். சேர்ந்து எழுதுவோம் என்று கேட்டவர் பிராட்செட். 1980களின் கடைசி என்பதால் பிளொப்பி டிஸ்க்குகள் தபாலில் போய் வந்தன. நாள்தோறும் தொலைபேசியில் கதைத்தார்கள். உலகத்தை அழிக்கப் பிறந்த சிறுவன் ஆதாமும் கூட்டாளிகளும் முதலில் பெரும்பாலும் பிராட்செட்டின் கையில். ஊழிக்காலக் குதிரைவீரர்கள் கெய்மனின் கையில். பிறகு ஒருவர் எழுதினதை மற்றவர் திருத்தி, கூட்டி, எது ஆருடையதென்று அவர்களுக்கே பிடிபடாமல் போனது. 1990இல் புத்தகம் வந்தது.

ஆக, நாங்கள் அதில் கேட்பது மூன்றாவது ஒரு குரல். 2015இல் பிராட்செட் காலமானார். நாவல் 2019இல் தொலைக்காட்சித் தொடரானது. 2023இல் வந்த இரண்டாம் பருவம் நாவலைத் தாண்டிப் போனது. அதில் பகிடியும் இருந்தது, இருட்டும் இருந்தது. அந்தக் குரல்தான் எங்களுக்குக் கேட்கவில்லை.