நிழற்படத்தில் நிலைத்த குடும்பம்

நிழற்படம் உள்ளதை உள்ளவாறே காட்டும் என்பர். எனினும், ஒருவர் தாமே விரும்பிப் புனைந்த தோற்றமும் வரலாற்றுச் சான்றே ஆகும். பஞ்சாபின் மஜீதியா குடும்பத்தில் பிறந்த உம்ராவ் சிங் ஷேர்கில் (1870–1954) இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. வடமொழியும் பாரசீகமும் கற்ற அவர், நூல்களிடையே அமர்ந்த அறிஞராகவும், உண்ணாநோன்பால் மெலிந்த உடலினராகவும் தம்மையே படமெடுத்துக்கொண்டார். ஹங்கேரி நாட்டு மனைவியும், மகள்கள் அமிர்தாவும் இந்திராவும் ஐரோப்பிய உடையிலும் புடவையிலும் அவர்தம் படங்களில் காட்சி தருகின்றனர். இரு பண்பாடுகளுக்கிடையே வாழ்ந்த அக்குடும்பம், தான் யார் என்பதை அப்படங்களின் வழியே வினவிக்கொண்டது எனலாம்.

ஓவியர் அமிர்தா 1941இல், தம் 28ஆம் வயதில் மறைந்தார். இந்திராவின் மகன் விவான் சுந்தரம் பிறந்ததோ 1943இல். தாம் காணாத பெரியன்னையை அவர் பாட்டனாரின் படங்களில் தேடினார். 2001–02இல் வெவ்வேறு காலத்துப் படங்களைக் கணினியால் இணைத்து, பிரிந்துபோன தந்தையையும் மகளையும் ஒருங்கே நிறுத்தினார். அக்காட்சிகள் நிகழ்ந்தவை அல்ல. ஆயினும் அவ்வுறவின் ஏக்கம் அவற்றில் உண்மையாகவே புலப்படுகின்றது.

படங்கள் பேணப்பட்டமையாலும், அவற்றில் இருப்போர் யாரென வீட்டார் அறிந்திருந்தமையாலுமே இப்பணி இயன்றது. நம் இல்லங்களில் உள்ள முன்னோர் படங்களின் பின்புறத்தில், மூத்தோரைக் கேட்டுப் பெயர், உறவு, ஊர், ஆண்டு ஆகியவற்றை இன்றே எழுதி வைப்போம். பெயர் மறைந்தால், நம் முன்னோரும் நமக்கு அயலாராகிவிடுவர்.