இரண்டு சுவிட்சுகளின் வரலாறு

தொழில்நுட்ப வரலாற்றை நாம் பெரும்பாலும் ஒரு நேர்க்கோடாகவே கற்கிறோம். முதலில் மனிதன் கையால் செய்தான். பிறகு எந்திரம் துணைநின்றது. இறுதியில் எந்திரமே அனைத்தையும் ஏற்றுக்கொண்டது. மோட்டார் வாகனத்தின் கியர்பெட்டியில் இக்கோடு ஓரிடத்தில் பின்னோக்கி வளைகிறது. 1980களிலும் அதன் பின்னரும் அமெரிக்காவில் வெளிவந்த தானியங்கிக் கியர்பெட்டிகளில் கணினி செய்துவந்த இரண்டு வேலைகளை, உரிமையாளர்கள் சிலர் தாமே கம்பி இழுத்துத் தம் கைக்கு மாற்றிக்கொண்டனர். ஓவர்டிரைவுக்கு ஒரு சுவிட்ச், லாக்கப்புக்கு ஒரு சுவிட்ச். தானியங்கியை விரும்பி வாங்கியவர் அதை ஏன் கைவயப்படுத்த வேண்டும் என்பதே இப்பதிவின் கேள்வி.

எஞ்சின் ஒரு சுற்று சுற்றுவதற்குள் கியர்பெட்டியின் வெளித்தண்டு ஒன்றுக்கு மேல் சுற்றுமானால் அது ஓவர்டிரைவ். ஜெனரல் மோட்டார்ஸின் 700ஆர்4 பெட்டியில் நான்காம் கியரின் விகிதம் ஏறத்தாழ 0.70. எஞ்சின் 70 சுற்று சுற்றினால் வெளித்தண்டு 100 சுற்று சுற்றும். எஞ்சின் மெதுவாகச் சுழல்வதால் எரிபொருள் மிச்சமாகும்.

லாக்கப் வேறு. தானியங்கி வாகனத்தில் எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் நடுவே டார்க் கன்வர்ட்டர் உள்ளது. ஒரு சக்கரத்தின் இதழ்கள் எண்ணெயைத் தள்ள, அந்த எண்ணெய் எதிரிலுள்ள மற்றொரு சக்கரத்தைச் சுழற்றும். ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் 1905இல் இதற்குக் காப்புரிமை பெற்றபோது அவர் மனத்தில் இருந்தது கார் அன்று, கப்பல். நீராவிச் சுழலியின் மிகுவேகத்தைக் கப்பலின் உந்துவிசிறிக்கு ஏற்பக் குறைப்பதே அவர் நோக்கம். எண்ணெய் வழியே விசை செல்வதால் சிறிதளவு வழுக்கல் எப்போதும் இருக்கும். அது வெப்பமாகி வீணாகும். உள்ளே ஒரு கிளட்சை அழுத்தி இரு பக்கங்களையும் நேரே இணைத்துவிட்டால் வழுக்கல் நின்றுவிடும். அதுவே லாக்கப். தமிழின் ‘பூட்டு’ என்னும் வினை இதற்கு நன்கு பொருந்துகிறது. நாம் கதவையும் பூட்டுகிறோம், ஏரில் மாட்டையும் பூட்டுகிறோம். இக்கருவி செய்வது இரண்டாம் வகைப் பூட்டு.

இவ்விரண்டும் 1980களில் பிறந்தவை அல்ல. கிறைஸ்லரின் ஏர்ஃப்ளோ கார்களில் ஓவர்டிரைவ் 1934இலேயே இருந்தது. போர்க்-வார்னர் நிறுவனம் பின்னர் செய்த மின்வழி ஓவர்டிரைவுகளில் ஒரு நயமான ஏற்பாடு உண்டு. உரிய வேகம் வந்தாலும் எந்திரம் தானாக மாறாது. ஓட்டுநர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும் கணத்திற்காகக் காத்திருக்கும். ஆக்சிலரேட்டரை அடிவரை அழுத்தினால் விலகிக்கொள்ளும். ஓவர்டிரைவே வேண்டாமெனில் டேஷ்போர்டின் கீழுள்ள கைப்பிடியை இழுத்துத் தடுத்துவிடலாம். எந்திரம் முன்மொழியும், ஓட்டுநரின் கால் வழிமொழியும். லாக்கப்பும் பழையதே. 1949இல் பேக்கார்டு நிறுவனம் தன் அல்ட்ராமேட்டிக் பெட்டியில் அதனைப் பொருத்தியது. ஆனால் பெட்ரோல் மலிவாகக் கிடைத்த அமெரிக்காவில் அதன் தேவை உணரப்படவில்லை. 1950களின் நடுப்பகுதிக்குப் பின் லாக்கப் அந்நாட்டுக் கார்களிலிருந்து ஏறக்குறைய மறைந்தே போயிற்று.

அதை மீட்டுக் கொண்டுவந்தது எண்ணெய் நெருக்கடி. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய்த் தடையை அறிவித்தன. 1975 டிசம்பரில் அமெரிக்கா எரிசக்திச் சட்டம் ஒன்றை இயற்றியது. புதிய கார்களின் சராசரி எரிபொருள் திறன் 1978இல் கேலனுக்கு 18 மைலாகவும் 1985இல் 27.5 மைலாகவும், அதாவது லிட்டருக்குச் சுமார் 11.7 கிலோமீட்டராகவும், இருக்க வேண்டும் என அது விதித்தது. 1978 மாடல் கார்களில் கிறைஸ்லர் லாக்கப்பை மீண்டும் அறிமுகப்படுத்தியது. 1980 மாடலில் ஃபோர்டு நான்கு வேக ஓவர்டிரைவ் தானியங்கியைக் கொணர்ந்தது. 1982 மாடலில் 700ஆர்4 வந்தது. இதே காலத்தில் லாக்கப்பை எப்போது பூட்டுவது என்னும் முடிவு படிப்படியாகக் கணினியிடம் சென்றது.

சிக்கல் தொடங்கியது இங்கேதான். பின்னால் டிரெய்லரை இழுத்துக்கொண்டு மேடேறும் வண்டியை எண்ணிப் பாருங்கள். கியர்பெட்டி நான்காம் கியருக்குச் செல்லும், எஞ்சின் திணறும், மூன்றாம் கியருக்கு இறங்கும், வேகம் பிடித்ததும் மீண்டும் நான்குக்கு ஏறும். இவ்வாறு மாறி மாறி உழன்றால் எண்ணெய் சூடாகும்; சூடான எண்ணெய் கியர்பெட்டியின் ஆயுளைக் குறைக்கும். நிறுவனங்களும் இதை அறிந்தே பல வண்டிகளில் ஓவர்டிரைவை நிறுத்தும் பொத்தானைத் தந்தன. பழைய எஞ்சினோடு பிற்காலக் கியர்பெட்டியை இணைத்தவர்களுக்கு வேறொரு சிக்கல். அவர்கள் வண்டியில் கணினியே இல்லை. ஆணையிட ஆளில்லாத பெட்டி அது.

தீர்வு எளிமையானது. டாட்ஜ் வண்டிகளில் பயன்பட்ட 46ஆர்எச் பெட்டியைச் சான்றாகக் கொள்ளலாம். முதல் மூன்று கியர்களும் எண்ணெய் அழுத்தத்தாலேயே மாறும். ஓவர்டிரைவும் லாக்கப்பும் மட்டும் இரண்டு சோலனாய்டுகளை நம்பியிருக்கும். இரண்டுக்கும் பொதுவாக 12 வோல்ட். கணினி செய்வதெல்லாம் அந்தந்தச் சோலனாய்டின் எர்த்தை இணைப்பது மட்டுமே. கணினி இருந்த இடத்தில் இரண்டு சுவிட்சுகளை வைத்து, மின்வரவில் ஒரு ஃபியூஸைச் சேர்த்தால் வேலை முடிந்தது.

ஆனால் வேலை அத்துடன் முடிவதில்லை. லாக்கப் சுவிட்சை அணைக்க மறந்து சிக்னலில் நிறுத்தினால், கிளட்சை மிதிக்காமல் நிறுத்திய சாதாரணக் கார்போல எஞ்சின் அணைந்துவிடும். ஆகவே பிரேக்கை மிதித்ததும் லாக்கப் சுற்றைத் துண்டிக்கும் ஒரு சுவிட்ச் சேர்கிறது. ஆக்சிலரேட்டரை ஆழ அழுத்தும்போது லாக்கப் விலக வேண்டும் என்பதற்காகப் பெட்ரோல் எஞ்சினில் ஒரு வாக்குவம் சுவிட்ச் சேர்கிறது. உயர்கியரில் மட்டுமே பூட்ட வேண்டுமெனில் எண்ணெய் அழுத்தத்தை உணரும் சுவிட்ச் ஒன்றும் சேர்கிறது. தானியங்கியிலிருந்து விடுபடத் தொடங்கியவர் ஒவ்வொரு கம்பியாக ஒரு சிறு தானியங்கியையே மீண்டும் கட்டிவிடுகிறார். ஒரு வேறுபாடு உண்டு. அதன் ஒவ்வொரு முடிவுக்கும் காரணம் என்னவென்று இப்போது அவருக்குத் தெரியும்.

எந்திரத்துக்குத் தெரிவது இக்கணத்தின் வேகமும் சுமையும். அடுத்த வளைவுக்குப் பின் மேடு இருப்பதை ஓட்டுநரின் கண்தான் அறியும். அந்த இரண்டு சுவிட்சுகளும் இவ்விரு அறிவுகளுக்கு இடையேயான எல்லையைப் புதிதாக வரைகின்றன. அவற்றைப் பழமை ஏக்கம் என்றோ தொழில்நுட்ப வெறுப்பு என்றோ ஒதுக்குவது பிழை.

ரொனால்டு கிளைனும் டிரெவர் பின்ச்சும் 1996இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை, அமெரிக்க உழவர்கள் காரைக் கொண்டு பண்ணை எந்திரங்களை ஓட்டியதை முன்வைத்து, பயனரும் தொழில்நுட்பத்தை வடிவமைக்கிறார் என்று வாதிட்டது. டேவிட் எட்ஜர்டன் 2006இல் வெளியிட்ட ‘தி ஷாக் ஆஃப் தி ஓல்டு’ நூல், கண்டுபிடிப்பை மையமாகக் கொண்ட வரலாற்றிலிருந்து பயன்பாட்டை மையமாகக் கொண்ட வரலாற்றுக்கு நம்மை அழைத்தது. கோட்பாடு ஆயத்தமாக இருக்கிறது, குறைவது சான்று. ஃபோட்டிங்கரின் காப்புரிமை காப்பகத்தில் இருக்கிறது. ஒரு மெக்கானிக் அட்டைப்பெட்டியின் பின்புறத்தில் வரைந்த கம்பி வரைபடம், வண்டி விற்கப்படும் நாளில் குப்பைக்குப் போகிறது. எந்த ஊரானாலும் உங்களுக்குத் தெரிந்த பட்டறையில் அத்தகைய தாள் ஒன்றைக் கண்டால், வரைந்தவரின் இசைவோடு ஒரு படம் எடுத்து வையுங்கள். ஏன் அப்படி வரைந்தார் என்று அவரையே கேட்டு, அவர் சொற்களிலேயே குறித்தும் வையுங்கள்.